சோதனைப் பட்டியலில் இரண்டு பேர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்து முழுசாக இரண்டு வாரம் ஆகவில்லை. அதற்குள் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் போட்டாள். "யக்கா, சோதனைப் பட்டியல்னு ஒரு கோப்பு கெடக்கு. அதுல ரெண்டே பேருதான். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு இசக்கிமுத்து, குக்குன்னு போட்டிருக்கு. நீங்கதான் ரிட்டயர்டு ஆயிட்டியளே, ரெண்டையும் அழிச்சிரட்டுமா?" என்று கேட்டாள். நான் அப்போது சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "அதுல கைய வச்சே, நேரா வந்து உன் கைய ஒடிச்சிருவேன்ளா" என்றேன். பாவம், பிள்ளை பயந்துபோய் "சரிக்கா" என்று வைத்துவிட்டது. பிறகு நானே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னேன். ஏன் அழிக்கக் கூடாது என்பதைப் போனில் சொல்ல முடியாது, சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கும். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஸ்டெல்லா. கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் நம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவை நடத்தியவள். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு மேசை, என் பக்கம் மட்டும் திரும்பாத ஒரு மின்விசிறி. அவ்வளவுதான் பிரிவு.

அந்தக் காலத்தில், அந்தக் காலம் என்ன, ஆறேழு வருடம் இருக்கும், கப்பலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு உண்டு. மருத்துவப் பரிசோதனை, தீயணைப்புப் பயிற்சி, பாஸ்போர்ட் புதுப்பித்தல், கப்பலேற்றம் என்று அவர் செய்ய வேண்டியவை தேதியோடு வரிவரியாக இருக்கும். தினமும் சாயங்காலம் அவரவருக்கு அடுத்து என்ன வேலை என்று சொல்ல வேண்டும். அதை நான் போன் போட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு பேர். ஒருவர் எடுப்பார், ஒருவர் எடுக்க மாட்டார், ஒருவருடைய அம்மா எடுத்து என் குடும்பக் கதை முழுக்க விசாரித்துவிட்டு "அவன் குளிக்கான்" என்று வைத்துவிடுவார். தொண்டை கட்டிவிடும்.

ஒருநாள் எனக்கு ரோசம் வந்தது. இத்தனை வருடம் லினக்ஸோடு குடித்தனம் நடத்துகிறேன், இதை அதனிடம் தள்ளிவிட முடியாதா என்று உட்கார்ந்தேன். கட்டளையை இங்கே எழுதப் போவதில்லை, அதை நீங்கள் என்னைவிட வேகமாகத் தட்டுவீர்கள். விஷயம் இதுதான். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வேலை. அவருடைய கோப்பைத் திற. முடியாத வேலைகளை மட்டும் பொறுக்கு. தேதி வரிசையில் அடுக்கு. மேலே இருக்கும் ஒரே வரியை எடு. ஒன்றின் விடை அடுத்ததற்குள் போய் விழும்படி நான்கையும் பைப் போட்டுக் கோத்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து வேலை வாங்கும் எக்ஸார்க்ஸ் என்ற கட்டளையை நிறுத்தி, பெயர்ப் பட்டியலை அதன் கையில் கொடுத்தேன். கிடைக்கும் வரியை ஆளுக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்ப, கீழே தனியாக ஒரு சுற்று எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சோதிக்காமல் ஓட்டிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சோதித்தேன். ஒரே ஒரு பெயரை வைத்து, அதுவும் என் பெயரை வைத்துச் சோதித்தேன். எனக்கென்று ஒரு கோப்பு உண்டாக்கி, "சனிக்கிழமை, கண் டாக்டர்" என்று எழுதி ஓட்டினேன். டிங் என்று என் போனுக்கு வந்தது: சனிக்கிழமை, கண் டாக்டர். மேனேஜரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "இனிமே யாரும் யாருக்கும் போன் போட வேண்டாம் சார்" என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நல்லாருக்கே" என்றார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பத்தொரு பேர் பட்டியலையும் கொடுத்து, என்டர் பட்டனைத் தட்டிவிட்டு, மக்ரூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது என் ஸ்கூட்டர் அலுவலகத் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. தெரு முழுக்கப் பெட்டி. சக்கரம் வைத்த பெட்டி, கயிறு கட்டிய பெட்டி, பழைய தகரப் பெட்டிகூட ஒன்று. பெட்டிக்குப் பக்கத்தில் ஆள், ஆளுக்குப் பக்கத்தில் குடும்பம். ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதமான பெண் ஒருத்தி ஓரமாக நின்று அழுதாள். ஒரு அம்மா மகனுடைய நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். இன்று ஏதோ பெரிய கப்பல் ஆள் எடுக்கிறது போலிருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன்.

இன்ஜின் பிரிவில் பயிற்சிக்குக் காத்திருந்த ஒரு பையன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "யக்கா, எனக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. ஆனா குக் வேலன்னாலும் போறேன். போயிக் கத்துக்கிடுதேன்" என்றான். அவனுக்குப் பின்னால் ஒரு சீஃப் ஆபீசர் முகம் சிவக்க நின்றிருந்தார். "பதினாறு வருசம் கப்பல்ல இருந்திருக்கேன். என்னைய அடுப்படிக்கு அனுப்புதியளா?" என்றார். திட்டினாரே தவிர, அவரும் பெட்டியோடுதான் வந்திருந்தார். இரண்டு பேருடைய போனையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே செய்தி: "நாளை. சமையல்காரராகக் கப்பலேற்றம். காலை எட்டு மணிக்குப் பெட்டியுடன் அலுவலகம் வரவும்."

இரண்டு போனையும் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. முப்பத்தாறு குக்குகள் பெட்டியோடு நிற்கிறார்கள். வெளியூரில் இருந்த நான்கு பேர், ரயில் கிடைக்கவில்லை, மத்தியானம் வரலாமா என்று அதற்குள் போன் செய்திருந்தார்கள். மேனேஜர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கி வந்தார். "ஸ்டெல்லா, ஒரு கப்பலுக்கு எத்தன குக்கும்மா?" என்றார். "ஒண்ணுதான் சார்" என்றேன்.

என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. எக்ஸார்க்ஸ், தன்னிடம் நேராகச் சொன்ன ஒரே வேலையைத்தான் ஆளுக்கு ஒரு தடவை செய்யும். நான் அதனிடம் சொன்னது "கோப்பைத் திற" என்பது மட்டும். முதல் பைப்பைத் தாண்டியதெல்லாம் அதன் பொறுப்பில் இல்லை. அது நாற்பத்தொரு கோப்பையும் திறந்து, எல்லாவற்றையும் ஒரே குழாயில் கொட்டிவிட்டது. மொத்தத்தையும் ஒரே தடவை பொறுக்கி, ஒரே தடவை அடுக்கி, மேலே இருந்த ஒரே ஒரு வரி வெளியே வந்தது. யாருக்கு மறுநாளே கப்பலோ அவருடைய வரி. அதைக் கீழே நான் எழுதிவைத்த சுற்று நாற்பத்தொரு பேருக்கும் ரொம்பப் பொறுப்பாக அனுப்பிவைத்தது. ஒரே பெயரை வைத்துச் சோதித்தபோது எப்படித் தெரியும்? பட்டியலில் ஒருவர் மட்டும் இருந்தால் ஒவ்வொருவரும் எல்லோரும் ஒன்றுதானே.

மன்னிப்புக் கேட்டு எல்லோரையும் அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனேன். மேனேஜர் என் காதோரம், "அந்த நெசமான குக்கு யாரு? வந்துட்டாரா?" என்றார்.

இசக்கிமுத்து. பதினொரு மாதமாகக் கப்பலுக்குக் காத்திருந்தவர். ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம், வாடகைக்கு இருந்தது தூத்துக்குடியில். முப்பத்தாறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த முப்பத்தாறில் அவர் இல்லை. செய்தி யாருக்கு உண்மையோ அந்த ஒருவர் மட்டும் வரவில்லை.

அவருடைய தெருக்காரர்கள் மூன்று பேர் கூட்டத்தில் இருந்தார்கள். அதில் ஒருவன் அருள். அவன்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "நேத்து டீக்கடைல வச்சு நாலு பேரும் மெசேஜப் பாத்தோம்க்கா. நாலும் ஒண்ணுபோல இருக்கு. இசக்கியண்ணன் சிரிச்சிச்சு. ஏலே, நாலு பேருக்கும் ஒரே குக் வேலயா, எவனோ ஆபீஸ் பேரச் சொல்லி ஏமாத்துதான், போயிராதியன்னு சொல்லிச்சு. நாங்க கேக்கல. என்ட்ட பெட்டி இல்ல. அண்ணன் பெட்டியத்தான் இரவல் வாங்கிட்டு வந்தேன்." பெட்டியைத் தூக்கிக் காட்டினான். இசக்கிமுத்துவின் பெட்டி சமர்த்தாக வந்து சேர்ந்துவிட்டது. ஆளைத்தான் காணோம்.

போன் போட்டேன். அலுவலக எண்ணை அவர் முடக்கி வைத்திருந்தார். அருள் போட்டான், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. இதற்குள் கப்பலிலிருந்து மூன்று அழைப்பு. பழைய குக் வயிற்று வலி என்று இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குள் ஆள் ஏறவில்லை என்றால் கப்பல் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகமான கொழும்பில் வேறு குக் பெட்டியோடு காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு மாதம் காத்திருந்த மனுஷனுக்குக் கப்பல் வந்து, நான் தட்டிய ஒரு வரியால் அது போகப் போகிறது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. செய்தி இசக்கிமுத்துவுக்கு மட்டும்தான் உண்மை, மற்றதெல்லாம் என் தப்பு என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டேன்.

"அவர் வீடு தெரியும், வாங்க" என்றான் அருள். என்னைக் கேட்காமலே முப்பத்தாறு பேரும் கிளம்பிவிட்டார்கள். பெட்டியை விட்டுவிட்டுப் போகப் பயந்து பெட்டியோடு கிளம்பினார்கள். நானும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். சந்து அடைத்துவிட்டது. அந்த வீட்டுக் கதவைத் திறந்தது இசக்கிமுத்துவின் மனைவி செல்வி. வாசலில் முப்பத்தாறு ஆண்கள், கையில் பெட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் "அண்ணன் எங்க, அவரு எங்க" என்று கத்துகிறார்கள். கப்பல்காரன் வீட்டு வாசலில் இத்தனை பேர் ஒன்றாக வந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். செல்வி "ஐயோ, அவருக்கு என்ன ஆச்சு" என்று அலறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர்கள் தட்டத் தட்ட உள்ளே அழுகை கூடியது. ஒருவருக்கும் ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு போசன் இருந்தார். கப்பலின் தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேஸ்திரி அவர். உருண்டு திரண்ட ஆள், குரல் இருக்கிறதே, நங்கூரச் சங்கிலி இறங்குவதைவிடச் சத்தம். அவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"ஏலே, என்னலே செய்யுதிய? முப்பத்தாறு பேரும் ஒரு வாசல்ல நின்னு ஒரு கேள்விய கேட்டா ஒரு ஆளு தேடுன மாதிரிதாம்லே. ஆளுக்கு ஒரு எடம் எடுங்க. போ, கேளு, பாரு, அக்காவுக்குப் போன் போடு. நாலையும் ஒருத்தனே முடிக்கணும். பாதில இன்னொருத்தன் கைல குடுக்கப் பிடாது. அடுத்தவன் எடத்துல என்ன நடக்குன்னு உனக்குத் தேவையில்ல. கெளம்பு."

நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்டளையில் என்ன தப்பு, அதை எப்படித் திருத்த வேண்டும் என்று பெட்டி மேல் நின்று சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல். பட்டியலில் ஒருவருக்கு ஒரு தடவை, நான்கு வேலையும் சேர்ந்த முழுச் சங்கிலி. எக்ஸார்க்ஸிடம் "கோப்பைத் திற" என்று மட்டும் சொல்லாமல், சங்கிலி முழுவதையும் பொட்டலமாகக் கட்டி, கட்டளைகளை வாங்கி நடத்தும் சின்ன ஷெல் ஒன்றை ஆளுக்கு ஒரு தடவை கூப்பிட்டு அதன் கையில் கொடு என்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அப்படித்தான் திருத்தினேன். திருத்தும்போது இன்னொன்றும் கற்றேன், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரைப் பொட்டலத்துக்குள் ஒட்டாதீர்கள், வெளியே தனியாகக் கொடுங்கள். டி'க்ரூஸ், டி'சில்வா என்று பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி வைத்திருக்கிறவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். பொட்டலம் அந்த இடத்தில் பிரிந்துவிடும்.

போசன் இடங்களைப் பிரித்தார். ஒருவன் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு, ஒருவன் ரயில் நிலையத்துக்கு, ஒருவன் மீன்பிடித் துறைமுகத்துக்கு. பைக் வைத்திருந்தவர்களில் ஒருவன் ஓட்டப்பிடாரத்துக்கு, ஒருவன் சாகுபுரத்தில் ஃபேக்டரியில் இருக்கும் இசக்கிமுத்துவின் மச்சானிடம் கேட்க, இன்னொருவன் திருச்செந்தூருக்கு, ஒருவேளை முருகனிடம் முறையிடப் போயிருந்தால் என்று. "இந்த வீடு?" என்றேன். "அது உங்களுக்கு. கூட்டமில்லாம தனியாப் போங்க" என்றார்.

என் போன் அடிக்க ஆரம்பித்தது. பிள்ளைகளே, இசக்கிமுத்து என்ற பெயர் நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதல் அரை மணி நேரத்தில் மூன்று இசக்கிமுத்து கிடைத்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருவர் உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் பரோட்டா மாஸ்டர், விவரம் கேட்டுவிட்டு, "நம்ம ஆளு கெடைக்கலன்னா சொல்லுங்க, நான் வாரேன்" என்றாராம். அவருடைய எண்ணைக் குறித்து வைத்துக்கொள் என்று போன் போட்டவனிடம் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும்.

சந்து காலியானதும் நான் கதவைத் தட்டினேன். "செல்வி, நான் ஆபீஸ் ஸ்டெல்லா. அவருக்கு ஒண்ணுமில்ல. நல்ல சேதிதான் கொண்டாந்திருக்கேன்" என்றேன். கதவு விரற்கடை திறந்தது. செல்விக்குக் கையெல்லாம் சோப்பு நுரை. உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அப்புறம்தான் கேட்டேன்.

"மூணு மாசமா அங்கன வரவே கூச்சப்பட்டாவக்கா" என்றாள் செல்வி. "கப்பல் இருக்கா, கப்பல் இருக்கான்னு எத்தன தடவ போயி நிக்கன்னு. பெட்டிய எப்பவும் ரெடியா வச்சிருந்தாவ. அதப் பாக்கப் பாக்க வயிறெரியுதுன்னு போன மாசம் நாந்தான் பிரிச்சுப் போட்டேன். இன்னைக்கு எல்லாத் துணியையும் ஊறப்போட்டுட்டேன். அந்த மெசேஜு பொய்யின்னு தெரிஞ்சும் ராவெல்லாம் தூங்கல. எவன் நம்ம பொழப்புல வெளையாடுதான்னு கேட்டுட்டு வாரேன்னு காலைலயே ஆபீசுக்குக் கெளம்பிட்டாவ."

"ஆபீசுக்கு வரலியே" என்றேன்.

"பீச் ரோடு ஆபீசுக்குத்தான் போனாவ."

நாங்கள் பீச் ரோட்டைக் காலி செய்து புது இடத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெட்கப்பட்டு மூன்று மாதம் வராத ஆளுக்கு அது எப்படித் தெரியும்? "ஏறுளா" என்றேன். ஈரக்கையோடு செல்வி ஸ்கூட்டரில் ஏறினாள்.

அங்கே போனால், எங்கள் பழைய கட்டடத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் இசக்கிமுத்து நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். "பாத்தியளா, ஆபீசே இல்ல. போர்டையும் கழத்திட்டானுவ. நான் சொன்னேம்லா, இது பெரிய ஏமாத்து." ஏழெட்டுப் பேர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போலீசுக்கு எழுதிப் போட வேண்டும் என்று ஆலோசனை சொன்னார்.

"இசக்கிமுத்து, அந்த மெசேஜை அனுப்புனது நான்தான்" என்றேன்.

"நீங்களா அனுப்புனிய? அருளுக்கும் நீங்கதான் அனுப்புனியளா?"

"ஆமா."

"அருளுக்கு அனுப்புனது?"

"பொய்."

"எனக்கு அனுப்புனது?"

"நிசம்."

"ரெண்டும் ஒரே மெசேஜுதானக்கா" என்றார். நியாயமான கேள்வி. காலையிலிருந்து பொய், பொய் என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது உறுதியாகிவிட்டது. என்னையும் அந்த ஏமாற்றுக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். மணி பதினொன்றே முக்கால். எக்ஸார்க்ஸைப் பற்றி விளக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். நல்லவேளை, அப்போது கப்பலிலிருந்து நான்காவது அழைப்பு வந்தது. அந்தக் கப்பலின் சீஃப் ஆபீசர் நாகர்கோவில்காரர். போனை அப்படியே இசக்கிமுத்துவிடம் நீட்டினேன். "நீங்களே கேட்டுக்கிடுங்க."

அவர் வாங்கி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், காலைல என்ன சாப்ட்டிய?"

மறுமுனையில் குரல் உடைந்துபோய் வந்தது. "நேத்து மூணாவது இன்ஜினீயர் சாம்பார் வச்சான். அதத்தான் இன்னைக்கு வெட்டி, ரொட்டிக்கு நடுவுல வச்சுச் சாப்பிட்டோம்."

இசக்கிமுத்து போனை என்னிடம் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "இத எந்த ஏமாத்துக்காரனாலயும் கற்பன பண்ண முடியாதுக்கா. அது நிசமான கப்பல்தான்" என்றார். செல்வி தெருவென்றும் பார்க்காமல் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழ நேரமில்லை.

புது அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தோம். பாஸ்போர்ட்டும் மற்ற காகிதங்களும் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. கேட் பாஸ் தயார். செய்தி பரவி, முப்பத்தாறு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். திருச்செந்தூர்க்காரன் மட்டும் பாதி வழியில் திரும்பினான். எல்லாம் சரி, துணி? எல்லாம் வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. வெறுங்கையோடு ஒன்பது மாதம் கப்பலில் எப்படி இருப்பது?

அருள் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தான். தன் துணியை வெளியே அள்ளிப்போட்டு, அதில் ஒரு புதுச் சட்டையை மட்டும் திரும்ப உள்ளே வைத்தான். போசன் தன் பெட்டியைத் திறந்து, பிரிக்காத பாதுகாப்புக் காலணியை எடுத்து வைத்தார். அவ்வளவுதான், அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையாக வந்தார்கள். ஒருவன் போர்வை. ஒருவன் சோப்பு டப்பா. ஒரு அம்மா மகனுக்குக் கட்டிய கருப்பட்டி. ஊறுகாய், தைலம், முகம் பார்க்கும் கண்ணாடி. அழுதுகொண்டிருந்த புதுப்பெண் புருஷனுக்குத் தைத்துவைத்த தலையணை உறையைக் கொடுத்தாள், புருஷன் போகவில்லை என்ற சந்தோஷத்தில். காலையில் சண்டை போட்ட சீஃப் ஆபீசர் தன் கைக்கடிகாரத்தையே கழற்றி, "அடுப்படில நேரம் முக்கியம்" என்று வைத்தார். திருநீறு பூசிய இசக்கிமுத்துவின் பெட்டியில் யாரோ ஒரு செபமாலையும் போட்டிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் நாற்பத்தொரு பேருடையதையும் ஒன்றாகக் கொட்டியதால் வந்த வினை, இன்று முப்பத்தாறு பேருடையதையும் ஒன்றாகக் கொட்டியதால் தீர்ந்தது. மூடி மூடவில்லை. பயிற்சிப் பையனை அதன் மேல் உட்காரவைத்துப் பூட்டினோம்.

எதுவும் கொடுக்காதவள் நான் மட்டும்தான். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று நினைவு வந்து, என் சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் திணித்தேன். விளமீன் குழம்பு. பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் கப்பல் ஏணியில் ஏறினார் என்று எங்கள் டிரைவர் போன் செய்தார். மேனேஜர் என்னைத் திட்டுவதற்காகக் கூப்பிட்டார், நான் உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தார், இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம், திட்டு அப்படியே நின்றுபோயிற்று.

ஒன்பது மாதம் கழித்து இசக்கிமுத்து வந்து இறங்கினார். ஒவ்வொரு சாமானிலும் யாருடையது என்று பெயர் எழுதி ஒட்டிவைத்திருந்தார். தீர்ந்துபோனவற்றுக்குப் புதிது வாங்கியிருந்தார். முப்பத்தாறு வீட்டுக்கும் தனித்தனியாகப் போனார். கதவைத் தட்டி, உட்கார்ந்து, கொடுத்து, கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டு அடுத்த வீடு. ஒரு வாரம் ஆயிற்று. கடைசியாக என் டப்பாவோடு அலுவலகத்துக்கு வந்தார். "இம்புட்டு அலைச்சல் எதுக்கு? எல்லாரையும் ஒரு எடத்துக்கு வரச் சொல்லி மொத்தமாக் குடுத்திருக்கலாம்லா?" என்றேன்.

"யக்கா, இத நீங்களா கேக்கிய?" என்றார்.

அன்றுதான் அவருடைய பெயரைச் சோதனைப் பட்டியலில் சேர்த்தேன். ஒருவரை வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, குறைந்தது இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேருக்கும் வேறு வேறு வரி இருக்க வேண்டும். சேர்க்கட்டுமா என்று கேட்டபோது, "சேத்துக்கிடுங்க. ஆனா நிசமாவே கப்பல் வந்தா போனும் போட்டுச் சொல்லிருங்க" என்றார். கப்பலேற்றம் என்று வந்தால் இன்றைக்கும் நம் அலுவலகத்தில் செய்தி போன பிறகு ஒரு மனுஷக் குரலும் போகிறதே, அது அவர் வைத்த நிபந்தனை. அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆகவே கட்டளையில் எதை மாற்றினாலும், ஒரு கமாவை நகர்த்தினாலும், முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டிப் பாருங்கள். அவர் எந்தக் கடலில் இருந்தாலும் சிக்னல் கிடைத்ததும் "வந்தது" என்று பதில் போடுவார். எனக்கு "சனிக்கிழமை, கண் டாக்டர்" என்று வர வேண்டும். அப்படி வந்தால் உங்கள் வேலை சரியாக நடக்கிறது என்று நான் வீட்டில் நிம்மதியாக மீன் கழுவுவேன். அவருடைய செய்தி எனக்கு வந்தால், மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் பெட்டியோடு அலுவலக வாசலில் நிற்பேன்.